திரை விழாமல் முகம் மாற வேண்டுமானால்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலை அடுத்த ஓர் ஊரின் கலைக்குழுவிலிருந்து வந்திருக்கும் கேள்விக்கான பதில் இது. பொங்கல் விழாவுக்கு அவர்கள் அவ்வையின் கதையை நாடகமாகப் போடுகிறார்கள். வீட்டில் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்கும் இளம்பெண், பார்வையாளர்களின் கண்முன்னாலேயே கிழவியாக மாற வேண்டும். திரை போடக் கூடாது, விளக்கை முழுவதும் அணைக்கக் கூடாது, கிடைப்பது ஒரு பாட்டின் ஒரு சரணம் முடியும் நேரம் மட்டுமே என்பது இயக்குநரின் நிபந்தனை. குழுவில் ஒருவருக்கு ரப்பர் தோட்டம் இருப்பதால், முகச் சுருக்கத்துக்கு ரப்பர் பாலைப் பூசலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். அடுத்த தவக்காலத்தில் தேவசகாயம் நாடகம் போடும் எண்ணம் இருப்பதால், சாட்டையடிக் காட்சியைப் பற்றியும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் ரப்பர் பாலை முடித்துவிடுகிறேன். கூடாது. தோட்டத்தில் எடுக்கும் பால் உறைந்துவிடாமலிருக்க அம்மோனியா சேர்ப்பது வழக்கம் என்பது குலசேகரம் பக்கத்து மக்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைக் கண்ணுக்கு அரை அங்குலம் கீழே பூசினால் கண் எரியும், நீர் வழியும், அந்த நீரில் மற்ற ஒப்பனையும் கரையும். சேர்க்காத பச்சைப் பாலாக இருந்தாலும், இயற்கை ரப்பரில் உள்ள புரதங்கள் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். உரிக்கும்போது புருவ முடியும் கன்னத்துப் பூனைமுடியும் சேர்ந்து வரும் வேதனை தனி. ஒப்பனைக்கென்றே விற்கப்படும் ரப்பர் திரவம் உண்டு. அதையும் தோலை இழுத்துப் பிடித்துப் பூசி, உலர்ந்தபின் விட்டால்தான் சுருக்கம் விழும். அதற்குச் சில நிமிடங்கள் வேண்டும் என்பதால், ஒரு சரணத்துக்குள் மாற வேண்டிய வேடத்துக்கு அது எந்த வகையிலும் பயன்படாது.

இனி முதன்மையான விஷயத்துக்கு வருகிறேன். மேடையில் நடக்கும் விரைவு மாற்றம் என்றதும், அந்தச் சில நொடிகளில் எவ்வளவு பூச முடியும் என்றுதான் பெரும்பாலான குழுக்கள் கணக்குப் போடுகின்றன. கணக்கை மறுபக்கத்திலிருந்து போட வேண்டும். மாற்றத்தின் பெரும்பங்கு அந்தக் கணத்துக்கு முன்பே நடிகரின் உடலில் செய்து முடிக்கப்பட்டு, ஏதோ ஒன்றால் மறைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கணத்தில் நடிகரின் கைக்கு ஒரே ஒரு வேலைதான் மிச்சமிருக்க வேண்டும். அந்த வேலையும் கதைக்குள் இயல்பாகச் செய்யக்கூடியதாக இருந்தால், அதை ஒளிக்க வேண்டிய அவசியமே இராது. ஆகவே, எதைப் பூசுவது என்ற கேள்விக்கு முன்னால், எதை எதனால் மறைப்பது என்ற கேள்விக்கு விடை தேட வேண்டும்.

நமக்கு மறைப்பதற்கு மூன்று கருவிகள் உள்ளன: துணி, உடல் திரும்பும் திசை, விளக்கின் நிறம். முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. மூன்றாவதை நம் ஊர் மேடைகளில் ஏறக்குறைய யாருமே பயன்படுத்துவதில்லை. ஆனால் ஒலி, ஒளி அமைப்புக்காரர்கள் கொண்டுவரும், வேண்டிய நிறத்துக்கு மாற்றக்கூடிய எல்.இ.டி. பார் (PAR) லைட்டுகளால் இன்று அது மிக எளிதாகிவிட்டது. ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சிவப்புச் சாயம் சிவப்பு ஒளியை மட்டுமே திருப்பி அனுப்பும். சிவப்பு விளக்கின் கீழ் மனிதத் தோலும் சிவப்பை நன்றாகவே திருப்பி அனுப்புவதால், தோலின்மேல் போட்ட சிவப்புக் கோடு தோலோடு தோலாகக் கலந்து காணாமல் போகும். அதே கோட்டின்மேல் நீலமும் பச்சையும் கலந்த ஒளி விழுந்தால், திருப்பி அனுப்ப அதில் சிவப்பு இல்லாததால் கோடு கறுப்பாக எழும். 1931ஆம் ஆண்டு வெளிவந்த ‘டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தில், நடிகர் ஃபிரெட்ரிக் மார்ச்சின் முகம் வெட்டு இல்லாமலே விகாரமாக மாறும் காட்சியை இந்த முறையில்தான், நிற வடிகட்டிகளை மாற்றி எடுத்தார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒளியின் நிறம் மாறுவது பார்ப்பவருக்குத் தெரியாது. மேடையில் அது தெரியும் என்பதால், நிறம் மாறுவதற்குக் கதைக்குள் ஒரு காரணம் வேண்டும். பிள்ளையார் வரம் கொடுக்கும் கணத்தைவிடப் பொருத்தமான காரணம் ஏது?

உங்கள் காட்சியை இப்படி அமைக்கலாம். வேண்டுதல் காட்சிக்கு முந்தைய காட்சிகளில் அந்தப் பெண் சுத்தமான இளமை முகத்தோடு வருவாள். பெற்றோர் பேசும் காட்சியில் அவளுக்கு மேடையில் வேலை இருக்காது. அந்த இடைவெளியில் பக்கத் தட்டிக்குப் பின்னால் உட்கார வைத்து, நெற்றியில் மூன்று வரிகள், மூக்கின் இரு புறமும் வாய்நோக்கி இறங்கும் மடிப்புகள், கண்ணுக்குக் கீழே தொங்கும் பைகள், கன்னக் குழிவு, கழுத்து நரம்புகள் ஆகியவற்றைச் செங்கல் நிறத்தில் வரைந்துவிட வேண்டும். புறங்கையையும் மறக்கக் கூடாது. கும்பிடும்போது முகத்துக்கு அடுத்தபடி கண்ணில் படுவது கைதான். பிறகு அவள் கருவறை முன்னால் வரும்போது மேடையில் சிவப்பு ஒளி மட்டும் இருக்க வேண்டும். கோயிலுக்குள் விளக்கு வெளிச்சம் என்று பார்வையாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். வரம் கிடைக்கும் வரியில் சிவப்பை இறக்கி, நீலத்தையும் பச்சையையும் ஏற்றினால், யாரும் தொடாமலேயே அந்த முகத்தில் முதுமை படரும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கோடுகளுக்கு ஏன் செங்கல் நிறம் என்றால், பளிச்சென்ற சிவப்பில் வரைந்தால் பிறகு வெள்ளை விளக்கு வந்ததும் முகம் கீறிவிட்டது போலத் தெரியும். செங்கல் நிறம் வெள்ளை ஒளியிலும் பத்தாவது வரிசையிலிருந்து பார்த்தால் சுருக்கத்தின் நிழலாகவே தெரியும். மரூன் போன்ற நீலம் கலந்த சிவப்புகளும் அடர்ந்த காப்பி நிறமும் சிவப்பு ஒளியில் முழுவதுமாக மறையாது. அடுத்து, கோட்டின் நிறம் நடிகையின் தோலின் வெளுப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். மாநிறத் தோலில் வெறும் சிவப்பைப் போட்டால், சிவப்பு விளக்கில் அது மறையாமல் தோலைவிட வெளுப்பாக மினுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே அவருடைய அடிப்பூச்சு நிறத்தையே எடுத்து, அதில் சிவப்பைச் சிறிது சிறிதாகக் கலந்து, முழங்கைக்கு உட்புறம் தீற்றிப் பார்க்க வேண்டும். விளக்குக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மிட்டாய் சுற்றி வரும் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பார்த்தால், மறையும் கலவை எது, மறையாத கலவை எது என்பது வீட்டிலேயே தெரிந்துவிடும்.

சேலைக்கும் இதே கவனம் வேண்டும். சிவப்பு ஒளியில் பச்சைப் பட்டு கறுப்பாகும், சிவப்புக் கரை வெளுத்துப் போகும், நெற்றிக் குங்குமம் இருந்த இடம் தெரியாது. குங்குமம் மறைவது இந்தக் காட்சிக்கு இடைஞ்சல். சாந்துப் பொட்டு வைத்துவிட்டால் தீர்ந்தது.

ஒளியை வைத்துச் செய்யும் வேலைக்கு நம் ஊரில் பகை விளக்குக்காரர் அல்லர், வீடியோக்காரர். காட்சி உச்சத்துக்கு வரும்போது, நன்றாகப் பதிவாகட்டும் என்ற நல்லெண்ணத்தோடு கேமராவின் மேலிருக்கும் வெள்ளை விளக்கைப் போடுவார். அந்த ஒரு விளக்கில் நீங்கள் மறைத்து வைத்த கோடுகள் அத்தனையும் வெளியே வந்துவிடும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது மேக்கப் பெட்டியைப் பூட்டித் திறப்பதற்குச் சமமான கடமை. மேடையின் முகப்பில் கட்டும் சீரியல் பல்புகள், மைதானத்தில் கடலைக் கடைக்குப் போட்டிருக்கும் வெள்ளை விளக்கு, மேடையின் கூரையில் நிரந்தரமாக இருக்கும் குழல்விளக்கு ஆகியவற்றையும் அந்தக் காட்சிக்கு முன்பு ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும். பழைய முறைப்படி ஜெலட்டின் தாள் கட்டிய விளக்குகளாக இருந்தால் மற்ற நிறங்களும் கசியும் என்பதால் விளைவு பாதியாகக் குறையும். அப்படிப்பட்ட இடத்தில் இந்த முறையையே நம்பியிராமல், கீழே சொல்வதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கைக்கு ஒரே வேலை என்று சொன்னேனே, அது இங்கே திருநீறு. முடியையும் புருவத்தையும் முன்பே வெள்ளையாக்கிவிட முடியாது. சிவப்பு ஒளியில் வெள்ளைப் புருவம் தோலைவிடப் பிரகாசமாகத் தெரியும். ஆகவே, புருவத்தை வெளுக்கும் வேலையை அவளே மேடையில், பிள்ளையார் முன்னால் வைத்திருக்கும் தட்டிலிருந்து செய்யட்டும். தட்டில் இருப்பது வெறும் திருநீறாக இருந்தால் உதிர்ந்து கண்ணில் விழும். வெள்ளைப் பேன்கேக்கை, அதாவது நீர் தொட்டுப் பூசும் ஒப்பனைக் கட்டியை, தூளாக்கி, சில சொட்டு கிளிசரினும் மிகச் சிறிது தண்ணீரும் விட்டு, தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, மேலே மட்டும் உண்மையான திருநீற்றைத் தூவி வைக்க வேண்டும். அவள் கண்களை மூடிக்கொண்டு இரண்டு கட்டைவிரல்களையும் அதில் தோய்த்து, முதலில் நெற்றியில் பட்டையிடுகிறாள். அந்த இழுப்பு முடிந்ததும் விரல்களை எடுக்காமல், புருவத்தின் வெளிநுனியிலிருந்து மூக்கை நோக்கி, முடி வளரும் திசைக்கு எதிராக இழுக்கிறாள். எதிர்த்திசையில் இழுக்கும்போது முடிகள் எழுந்து நின்று நுனியில் மட்டும் வெள்ளையைப் பிடிக்கும். அடி கறுப்பாகவே இருக்கும். வெளியிலிருந்து பார்க்க அது பூசிய வெள்ளையாகத் தோன்றாது, நரைத்த புருவமாகத் தோன்றும். முடி வளரும் திசையில் இழுத்தால் தோலில் அப்பி, சுண்ணாம்பு அடித்தது போலிருக்கும். இதை ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். எல்லோருக்கும் அது ஒரு பெண் திருநீறு பூசும் செயல்தான்.

தலைமுடிக்குத் துணி. முன்நெற்றியையும் காதோரங்களையும் வெள்ளைப் பேன்கேக்கால் முன்பே வெளுத்து, அதன்மேல் முக்காடு போட்டுவிட வேண்டும். முக்காட்டின் உள்விளிம்பில் நெற்றியோரம் தெரியும் அளவுக்கு ஒரு விரல் அகலத்துக்குச் சவுரி முடியை வைத்துத் தைத்துவிட்டால், வெளியே தெரிவது கறுங்கூந்தலாக இருக்கும். அவள் குனிந்து வணங்கி எழும்போது முக்காடு பின்னால் சரியும், கறுப்பும் அதோடு போய்விடும். தலையில் டால்கம் பவுடரைக் கொட்டும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவள் தலையை அசைக்கும் ஒவ்வொரு முறையும் விளக்கு ஒளியில் புகை எழும்பும். சோகக் காட்சியில் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இத்தனையும் செய்த பிறகும் கிழவியாவது முகத்தால் மட்டும் நடப்பதில்லை. 1887இல் பாஸ்டன் நகரில் ரிச்சர்ட் மேன்ஸ்ஃபீல்ட் என்ற நடிகர், மேலே சொன்ன அதே ஜெக்கில் கதையை மேடையில் நடித்தபோது, பார்வையாளர் முன்னாலேயே உருமாறினார். முகத்தில் ஏதோ ரசாயனம் தடவுகிறார், ரப்பர் வைத்திருக்கிறார் என்றெல்லாம் மக்கள் பேசிக்கொண்டார்கள். அவர் பெரிதும் நம்பியிருந்தது உடல் நிலையையும் முகத் தசைகளையும் குரலையும் விளக்கையும்தான். நம் பக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. நாகர்கோவிலோடு நெருங்கிய தொடர்புடைய டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம், ஆணாக இருந்துகொண்டு அவ்வையாக நடித்து, ‘அவ்வை’ என்பதே தம் பெயருக்கு முன்னொட்டாகும் அளவுக்கு அந்த வேடத்தில் நிலைத்தார். ஒப்பனை நன்றாக இருந்ததற்காக மட்டும் ஊர் ஒருவருக்கு அப்படிப் பெயர் வைத்துவிடாது.

ஆகவே மாற்றத்தின் வரிசையை உடலிலிருந்து தொடங்குங்கள். விளக்கு மாறத் தொடங்கும் முன்பே முழங்கால்கள் சற்று மடங்க வேண்டும். அடுத்து இடுப்பு, பிறகு தோள், கடைசியாகக் கழுத்து முன்னால் நீள வேண்டும். இளம் நடிகைகள் எடுத்த எடுப்பில் முதுகை மட்டும் வில்லாக வளைப்பார்கள். கால் நேராக நிற்கும்போது முதுகு மட்டும் வளைந்தால், கீழே விழுந்த காசைத் தேடுபவரைப் போலத்தான் இருக்கும். கோலை எடுப்பது கடைசிச் செயலாக இருக்கட்டும். அந்தக் காட்சியை வரம் கிடைத்தபின் நீட்ட வேண்டாம். நீலப்பச்சை ஒளி சிறிது வெளுத்ததும் இரண்டு வரி பேசிவிட்டு அவள் போய்விட வேண்டும். அடுத்த காட்சிக்குள் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, வழக்கமான காப்பி நிறக் கோடுகளோடு முழுமையான வேடத்தைப் போட்டுக்கொள்ள நேரம் கிடைக்கும். விரைவு ஒப்பனை அந்த ஒரு காட்சியைக் கடப்பதற்கானது. இரவு முழுவதும் தாங்கும் வேடத்தை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

மறைத்துவைத்துக் காட்டும் முறை மற்ற கதைகளுக்கும் பொருந்தும் என்பதற்கு நளன் கதையைச் சொல்லலாம். கார்க்கோடகன் என்ற பாம்பு தீண்டியதும் நளனின் உருவம் மாற வேண்டும். குழுக்கள் முகத்தில் கரியைப் பூச அவசரப்படுவார்கள். காது, கழுத்து, கைகளெல்லாம் பழைய நிறத்திலேயே இருக்க, முகம் மட்டும் முகமூடி மாட்டியது போல நிற்கும். மார்பையும் கைகளையும் முன்பே நிறமேற்றி, மேலே முழுக்கைச் சட்டையும் அங்கவஸ்திரமும் போட்டு, சட்டையின் முன்புறத்தைப் பொத்தான்களுக்குப் பதிலாக வெல்க்ரோ பட்டையால் மூடிவிட்டால், தீண்டப்பட்டவன் துடித்துச் சட்டையைக் கிழித்தெறியும்போது உடல் மாறியே இருக்கும். முகத்துக்கு, தரையில் குப்புற விழுந்து எழும் நேரத்தில், கைக்குட்டைக்குள் ஒளித்த, நிறத்தில் தோய்த்த ஈரப் பஞ்சால் நெற்றி, இரு கன்னங்கள் என மூன்று இழுப்பு போதும். வெல்க்ரோ பிரியும் சத்தம் ஒலிவாங்கியில் விழும். மத்தளக்காரரிடம் அந்த இடத்தில் ஓர் அடி கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அழகு போய்விட்டது என்பதைக் காட்டக் கறுப்பைப் பூசும் வழக்கத்தை நாம் நிறுத்திக்கொள்ளலாம். நஞ்சேறிய உடலுக்கு நீலமே பொருத்தம். அரங்கில் உட்கார்ந்திருக்கும் கறுத்த பிள்ளைகளையும் அது புண்படுத்தாது.

இதைப் படிப்பவர்களில் சிலர், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் பார்த்த கதகளி வேடங்களை நினைவில் வைத்துக்கொண்டு, அந்த அடர்த்தியை எதிர்பார்க்கிறார்கள். கதகளி வேடம் கலைஞர் படுத்திருக்க, முகத்தின் ஓரத்தில் சுட்டி என்ற வெள்ளை விளிம்பை வைப்பதற்கே மணிக்கணக்கில் ஆகும் வேலை. இரவெல்லாம் கலையாமல் நிற்பதற்காகச் செய்யப்படுவது. நம்முடைய தேவை அதற்கு நேர் எதிரானது. ஆனால் அங்கிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம்: சில வேடங்களில் வளைந்த பற்களை வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்து, கோபம் உச்சத்துக்கு வரும்போது உதட்டுக்கு வெளியே தள்ளிக் காட்டுவார்கள். முன்பே செய்து, மறைத்து, வேண்டியபோது காட்டுவது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

இனி சாட்டையடிக் காட்சி. நட்டாலத்தில் பிறந்து, அரண்மனை அலுவலில் இருந்து, கிறிஸ்தவரானபின் சுமார் மூன்று ஆண்டுகள் சிறையும் சித்திரவதையும் அனுபவித்து, 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் வரலாறு நம் மாவட்டத்து மேடைகளுக்குப் புதிதன்று. 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபின் அந்த நாடகத்துக்கான ஆர்வம் கூடியிருப்பதில் வியப்பில்லை. அதில் ஒப்பனைக்காரரைச் சோதிக்கும் இடங்கள் இரண்டு: அடிக்க அடிக்க முதுகில் காயம் தோன்றுவதும், காயத்தில் மிளகாய்ப் பொடி தேய்ப்பதும்.

முதலாவதற்கு நம் வீட்டு ஆரத்தித் தட்டே வழிகாட்டும். மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும். நடிகரின் முதுகில் மஞ்சளை நீரில் கரைத்து மெல்லிய பூச்சாகப் பூசி முழுவதும் உலரவிட்டால், மஞ்சள் ஒளி கலந்த விளக்கில் அது யாருக்கும் தெரியாது. சாட்டையாகப் பயன்படுவது பருத்தி நூலை முறுக்கிய மென்மையான கயிறாக இருக்க வேண்டும். அதை ஆப்பச் சோடா கரைத்த நீரில் நனைத்துப் பிழிந்து கொடுத்தால், முதுகில் பட்ட இடத்தில் ஒரு நொடி கழித்துச் செம்பழுப்புக் கோடு எழும். அடிக்கும் கணத்தில் இல்லாமல் சற்றுப் பிந்தி எழுவதுதான் பார்ப்பவர்களைப் பதற வைக்கும். ஆரத்திக்குப் போடுவது போலச் சுண்ணாம்பைப் போடக் கூடாது. அது தோலைப் புண்ணாக்கிவிடும். ஆப்பச் சோடாவில் நிறம் அவ்வளவு அடர்த்தியாக வராது என்றாலும், தூரத்திலிருந்து பார்க்க அது போதும். முகத்துக்கு அருகே இந்த முறை வேண்டவே வேண்டாம். நாடகம் முடிந்ததும் அந்த நடிகர் சோப்பைப் போட்டுக் குளித்தால் முதுகு மறுபடியும் சிவக்கும். சோப்பிலும் காரம் இருப்பதால் ஏற்படுவது அது என்று முன்பே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் வீட்டார் பயந்துபோவார்கள்.

வழியும் இரத்தத்துக்கு, கிளிசரினில் உணவுக்குப் போடும் சிவப்பு நிறமியையும், நிறம் அடங்குவதற்காகச் சிறிது காப்பித் தூள் டிகாக்‌ஷனையும் கலந்துகொள்ளலாம். சர்க்கரைப் பாகில் செய்தால் ஒளிரும், ஆனால் திறந்தவெளி மேடையில் எறும்பும் ஈயும் நடிகரைச் சும்மா விடாது. குங்குமத்தையும் செந்தூரத்தையும் கரைத்து ஊற்றுவது இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. அவற்றில் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதுண்டு, வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கினால் காட்சியே நின்றுவிடும். மிளகாய்ப் பொடிக்கு, வறுத்த அரிசி மாவில் அதே உணவு நிறமியைக் கலந்து உலர்த்திச் சலித்து வைத்துக்கொள்ள வேண்டும். உண்மையான மிளகாய்ப் பொடிப் பொட்டலம் மேடையின் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது. அடிக்கும் வேடக்காரர் உணர்ச்சியில் எந்தப் பொட்டலத்தை எடுப்பார் என்று யாருக்குத் தெரியும்?

எதிர்த்திசை மாற்றம், அதாவது நோயாளி குணமாவது அல்லது பிச்சைக்காரன் அரசனாவது, இவை எல்லாவற்றையும்விட எளிது. பூசுவதைவிடத் துடைப்பது எப்போதுமே வேகமான வேலை. முகத்தில் முதலில் தேங்காயெண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, அதன்மேல் முல்தானி மிட்டியைக் குழைத்துப் பூசி உலரவிட்டால் அது வெடித்துப் புண் போலத் தோன்றும். ஈரத் துண்டால் ஒரே துடைப்பில் வந்துவிடும். தொழுநோயாளி நலம் பெறும் காட்சியில், தொடுபவரின் மேலாடை நுனியே அந்த ஈரத் துண்டாக இருக்கலாம்.

நம் மாவட்டத்தின் வானிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்களில் மார்கழி, தை மாதத்து இரவிலும் காற்றில் ஈரம் இருக்கும்; விளக்குகளுக்கு முன்னால் நிற்பவருக்கு வியர்க்கும். தடித்த ஒரு பூச்சு வழியும், மெல்லிய இரண்டு பூச்சுகள் நிற்கும். பூசுவதற்கு முன் ஐஸ் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துண்டை முகத்தில் சிறிது நேரம் வைத்து எடுத்துவிட்டு, பேன்கேக்கைப் பூசி, மேலே பவுடரை ஒற்றி, மிகுதியைத் தட்டிவிட வேண்டும். தேய்க்கக் கூடாது. செங்கல் நிறக் கோடுகள் மட்டும் க்ரீம் வகையில் இருந்தால் வியர்வைக்குத் தாங்கும். ஒட்டு மீசையும் தாடியும் ஸ்பிரிட் கம் என்ற ஒப்பனைப் பசையில் ஒட்டப்பட்டிருந்தால், அவற்றை மேடையில் விரைவாக எடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். விரைவில் எடுக்க வேண்டிய மீசையை வலைத்துணியில் கட்டி, இருபுறமும் ஒட்டும் நாடாவால் ஒட்டுவதே சரி. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஸ்பிரிட் கம் தேங்காயெண்ணெய்க்குச் சற்று மெதுவாக, ஆனால் நிச்சயமாக இளகும்.

எந்தக் கலவையாக இருந்தாலும் முதல் நாளே நடிகரின் முழங்கை மடிப்பில் பூசிப் பார்த்துவிடுங்கள். கண் மையையும் தூரிகையையும் ஒருவருக்கு ஒருவர் மாற்றிக்கொள்ள வேண்டாம். மெட்ராஸ் ஐ பரவும் பருவத்தில் ஒரே மைக்குச்சியால் குழு முழுவதும் படுத்துவிடும். ஒத்திகையை வழக்கமான உடையில் வெறுங்கையால் செய்துவிட்டு, விழாவன்று முதல்முறையாகத் திருநீற்றுக் கலவையைக் கையில் எடுக்காதீர்கள். சேலை, முக்காடு, தட்டு, கோல், விளக்கு ஆகிய ஐந்தும் சேர்ந்து, அந்தச் சரணத்தைப் பாடுபவரே பாட, முழு ஒத்திகை நடக்க வேண்டும். பாடுபவர் விழாவன்று வேகத்தைக் கூட்டினால் புருவம் ஒன்று மட்டும் நரைத்திருக்கும். விளக்குக்காரருக்குப் பாட்டின் எந்தச் சொல்லில் நிறம் மாற வேண்டும் என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். தலையசைத்துச் சாடை காட்டுகிறேன் என்று விட்டுவிட்டால், அந்த நேரத்தில் அவர் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்.